சாப்பாட்டு மேசையில் ஒரு சாம்ராஜ்யம்

1698 நவம்பரில் கல்கத்தாவின் விலை 1,300 ரூபாய். சுதானுட்டி, கோபிந்தபூர், கொலிகாத்தா என்று மூன்று கிராமங்கள். சேறு, கொசு, குடியானவர்கள் எல்லாம் சேர்த்து. இன்றைக்கு அந்தக் காசை எடுத்துக்கொண்டு தென் கல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதைக்குப் போனால், பேரம் பேசத் தெரிந்தவருக்குச் சுமாரான ஒரு தாந்த் கைத்தறிப் புடவை கிடைக்கும். தெரியாதவருக்கு அதுவும் கிடையாது.

இந்தக் கணக்கு எனக்கு அத்துபடியானதற்குக் காரணம் சரித்திர ஆர்வம் அல்ல, பகடை. கரியாஹாட் நாற்சந்திக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டில், சனிக்கிழமை சாயங்காலங்களில், வயது வந்த ஐந்து பேர் மந்திரவாதி, வாள்வீரன், திருடன் என்று வேஷம் கட்டிக்கொண்டு இருபது முகப் பகடையை உருட்டுகிறோம். நான் கேம் மாஸ்டர். உலகத்தைப் படைப்பது, டிராகனுக்காகப் பேசுவது, யார் செத்தார் என்று தீர்ப்பு சொல்வது எல்லாம் என் உத்தியோகம். சம்பளம் கிடையாது; தேநீரும் மீன் சாப் என்ற வறுவலும் உண்டு. நான் சைவம் சாப்பிடும் லேக் மார்க்கெட் தமிழன் என்பதால் எனக்கு மட்டும் காய்கறிச் சாப்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டபோதே ஒரு சிக்கலை முன்கூட்டிப் பார்த்துவிட்டார்கள். குகை குகையாகப் புகுந்து கொள்ளையடித்தவனிடம் கடைசியில் தங்கம் மூட்டை மூட்டையாகச் சேரும். அப்புறம் அவன் என்ன செய்வான்? கோட்டை கட்டுவான், வரி போடுவான். அடித்துப் பிடுங்கியவன் ஒன்பதாம் நிலைக்கு வந்ததும் பிரபு ஆகிவிடலாம் என்று விதி எழுதினார்கள். 1984-இல் ஃபிராங்க் மென்ட்சர் அதற்கு நிர்வாக விதிகளைச் சேர்த்தார். 2010-இல் பைசோ நிறுவனம் 'கிங்மேக்கர்' என்று ஆறு பாகத் தொடர் போட்டது. அதில் கோஷ்டியின் கையில் முதலிலேயே ஒரு சாசனம் கொடுத்துவிடுவார்கள்: போ, காட்டைச் சுற்றிப் பார், கொள்ளையரை விரட்டு, நாட்டை நிறுவு. வரைபடம் முழுக்க அறுகோணக் கட்டங்கள். ராஜ்யத்துக்கு மூன்று மதிப்பெண்: பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை. கூடவே 'அதிருப்தி' என்று ஒரு எண். அது 20-ஐத் தொட்டால் அராஜகம், கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தைப் பல ஊர்களில் பாதியில் விட்டுவிடுவார்களாம். கணக்கு எழுதுவது சலிப்பாம். எங்கள் மேசையில் பிரச்சினை நேர் எதிர். வங்காளிகளிடம் வரிக்கொள்கை பற்றிக் கருத்துக் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. உப்புக்கு வரி போடலாமா என்ற விவாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் ஓடியது. வெளியே காத்திருந்த டிராகன், கேட்பாரில்லாமல் நின்றது.

விதி எழுதியவர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து கற்பனை செய்தார்கள். ஆனால் இந்த ஆட்டத்தின் முழு நீள ஒத்திகை இருநூறு வருஷங்களுக்கு முன்பே எங்கள் ஊரில் நடந்து முடிந்துவிட்டது. ஆடியது லண்டன் கோஷ்டி. பெயர் கிழக்கிந்தியக் கம்பெனி. கேம் மாஸ்டர் என்ற முறையில் அந்த ஆட்டத்துக்கு என் தீர்ப்புகளைத் தாமதமாகப் பதிவு செய்கிறேன்.

முதல் நிலையில் டிராகன் வேட்டை

1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி லண்டன் வியாபாரிகளுக்குச் சாசனம் கொடுத்தார். போங்கள், மிளகு வாங்குங்கள். அதில் சாம்ராஜ்யம் என்ற பேச்சே இல்லை. 1639-இல் கோஷ்டிக்கு ஒரு நல்ல கட்டம் அமைந்தது, சென்னை. பிடித்துக் கொடுத்தவர் பிரான்சிஸ் டே, கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அலை அடிக்கிற, துறைமுகம் இல்லாத, கப்பல் நெருங்க முடியாத அந்த மணல்வெளியை டே ஏன் தேர்ந்தெடுத்தார்? பக்கத்தில் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்று வம்பு உண்டு. என் மேசையிலும் தலைநகரம் இப்படித்தான் முடிவாகிறது.

1686-இல்தான் கோஷ்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. லண்டனில் உட்கார்ந்திருந்த ஜோசையா சைல்ட் என்ற தலைவர், ஔரங்கசீப் மேல் போர் தொடுக்கச் சொன்னார். அன்றைய உலகத்தின் மாபெரும் சாம்ராஜ்யங்களில் ஒன்றின்மேல், ஒரு மிளகு வியாபாரக் கம்பெனி! முதல் நிலைக் கோஷ்டி, கையில் தீப்பந்தமும் பத்தடிக் கம்பும் வைத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்து டிராகனின் வாலை மிதித்த கதை. அடி வாங்கினார்கள். 1690-இல் பேரரசர் முன் தெண்டனிட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டி, இனிமேல் ஒழுங்காக இருப்போம் என்று சொல்லித் தப்பித்தார்கள். பேரரசரும் மன்னித்துவிட்டார். டிராகன் அன்று சாப்பிட்டு முடித்துவிடாமல் விட்டதுதான் ஆட்டத்தின் முதல் பிழை.

அதே 1690 ஆகஸ்ட் 24. கொட்டுகிற மழையில் ஜாப் சார்னாக் மூன்றாவது முறையாகச் சுதானுட்டியில் வந்து இறங்கினார். முன்பு போட்டுவிட்டுப் போன குடிசைகள்கூட மிஞ்சவில்லை. நனைந்துகொண்டு நின்றார். அதற்காக அவரை 'நகரத்தை நிறுவியவர்' என்று பாடப்புத்தகத்தில் போட்டார்கள். 313 வருஷம் கழித்து, 2003-இல், கல்கத்தா உயர் நீதிமன்றம் சார்னாக் நிறுவனரும் அல்ல, ஆகஸ்ட் 24 நகரத்தின் பிறந்தநாளும் அல்ல என்று சொல்லிவிட்டது. ஒரு வீரனின் சாதனையை மூன்று நூற்றாண்டு கழித்து அழித்து எழுதிய கேம் மாஸ்டர்கள் வேறு எங்கும் உண்டா தெரியவில்லை. நான் அந்த பெஞ்சுக்குத் தலைவணங்குகிறேன்.

எட்டு வருஷம் கழித்து அந்த 1,300 ரூபாய்ப் பத்திரம். அந்தக் கிராமங்களின் ஜமீன்தார்களான சபர்ண ராய் சௌதுரி குடும்பத்துக்கு விற்க இஷ்டமே இல்லை. கம்பெனி அவர்களிடம் கெஞ்சவில்லை. மேலிடத்தில் பேரரசரின் பேரன் அசிம்-உஸ்-ஷானுக்கு 16,000 ரூபாய் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்தது. சொத்து 1,300, கையூட்டு 16,000. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்ற எவருக்கும் இந்த விகிதம் அதிர்ச்சி தராது. இத்தனைக்கும் அந்தப் பத்திரத்தில் கைமாறியது நிலம்கூட அல்ல, அதில் வரி வசூலிக்கும் ஜமீன் உரிமை மட்டும்.

விதியில் ஓர் ஓட்டை

'கிங்மேக்கர்' வெளிவந்ததும் ஆட்டக்காரர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நகரத்தில் மந்திரப் பொருள் கடைகளாகக் கட்டித் தள்ளி, அதில் வருகிற சரக்கை விற்றால் கஜானா தானாக நிரம்பும். விவசாயம் வேண்டாம், குடிமக்கள் வேண்டாம். ஊர் முழுக்க மந்திரக்கோல் கடைதான்.

கம்பெனி 1717-இல் கண்டுபிடித்தது இதைவிட நேர்த்தி. வில்லியம் ஹாமில்டன் என்ற கம்பெனி வைத்தியர் டெல்லியில் பேரரசர் ஃபரூக்சியரின் நோயைத் தீர்த்துவைத்தார். பேரரசர் மனம் குளிர்ந்து ஃபர்மான், அதாவது அரசாணை, கொடுத்தார்: வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டிவிட்டு வங்காளத்தில் சுங்கம் இல்லாமல் வியாபாரம் செய்யலாம், கல்கத்தாவைச் சுற்றி 38 கிராமங்களையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. வங்காளத்தை ஆண்ட முர்ஷித் குலி கான் ஜமீன்தார்களைக் கூப்பிட்டு, எவனாவது விற்றால் தெரியும் சேதி என்று காதைக் கடித்தார். கிராமங்கள் கிடைக்கவில்லை.

சுங்கச் சலுகை மட்டும் கிடைத்தது. அது கம்பெனி சரக்குக்கு மட்டும் என்பது நவாபுகளின் கட்சி. கம்பெனி குமாஸ்தாக்களோ அதே அனுமதிச் சீட்டைச் சொந்த வியாபாரத்துக்கும் நீட்டினார்கள். உப்பு, பாக்கு, புகையிலை எல்லாம் வரி இல்லாமல் ஓடின. உள்ளூர் வியாபாரி மட்டும் ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் மடியை அவிழ்த்தான். என் மேசையில் இப்படி ஒருவர் விதியை வளைத்தால் அடுத்த வாரமே விதியைத் திருத்திவிடுவேன். பின்னாளில் மீர் காசிம் என்ற நவாப் இன்னும் நல்ல திருத்தம் போட்டார்: எல்லாருக்குமே சுங்கம் ரத்து! சலுகை எல்லாருக்கும் கிடைத்தால் அது சலுகை இல்லையே என்று கம்பெனி கொதித்து, சண்டைக்கு வந்துவிட்டது.

நடுவில் 1742-இல் ஒரு தமாஷ். மராட்டியக் குதிரைப்படை வங்காளத்தைச் சூறையாடிக்கொண்டிருந்தது. கல்கத்தாவாசிகள் பயந்துபோய் ஊரைச் சுற்றிப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். ஏழு மைல் திட்டம். மூன்று மைல் போனதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மராட்டியர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1756-இல் நவாப் சிராஜ் உத் தௌலா வந்தார். பள்ளம் அவரைத் தடுக்கவில்லை. அந்தப் பள்ளத்தைத் தூர்த்த வழிதான் பிற்பாடு சர்க்குலர் ரோடு. தோண்டிய பள்ளம் மூடப்பட்டு நல்ல ரோடானதற்கு இந்த ஊரில் ஆதாரத்தோடு ஓர் உதாரணமாவது இருக்கிறது.

ராஜா படகேறிவிட்டார்

'கிங்மேக்கர்' விதிப்படி, அரசர் நாற்காலி காலியானால் மாதம் 4 புள்ளி அதிருப்தி ஏறும். புதுக் கட்டம் எதையும் பிடிக்க முடியாது. 1756 ஜூனில் சிராஜ் கல்கத்தாவை முற்றுகையிட்டபோது, ஆளுநர் ரோஜர் டிரேக் படகேறிக் கப்பலுக்குப் போய்விட்டார். கோட்டையில் இருந்தவர்களை மறந்துவிட்டார். ஊர் விழுந்தது. சிராஜ் அதற்கு அலிநகர் என்று பெயர் வைத்தார். ஓடியவர்கள் ஃபல்தாவில் கப்பலிலும் கரையிலுமாகக் காய்ச்சலோடு கிடந்தார்கள்.

வங்காள அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. காப்பாற்றியது யார்? வேறு யார், நாம்தான். சென்னையிலிருந்து ராபர்ட் கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் கப்பல்களில் கிளம்பினார்கள். கூடவே மதராஸ் சிப்பாய்கள். 1757 ஜனவரி தொடக்கத்தில் கல்கத்தா திரும்பப் பிடிபட்டது. எங்கள் மேசையில் இந்த விஷயம் எழும்போதெல்லாம் வங்காள நண்பர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் காய்கறிச் சாப்பைக் கவனிக்கத் தொடங்குவேன்.

பிறகு பிளாசி. ஜூன் 23. அந்தப் பக்கம் ஏறக்குறைய 50,000 பேர், இந்தப் பக்கம் 3,000. இதைப் பகடையில் ஜெயிக்க முடியாது என்று கிளைவுக்குத் தெரியும். அதனால் பகடை உருட்டுவதற்கு முன்பே எதிர்த்தரப்புச் சேனாதிபதி மீர் ஜாஃபரிடம் பேசி முடித்துவிட்டார். ஜகத் சேட் வட்டிக்கடைக்காரர்களும் உடந்தை. தரகரான அமீர்சந்த், எனக்கும் பங்கு எழுதித் தராவிட்டால் நவாபிடம் போட்டுக் கொடுப்பேன் என்றார். கிளைவ் இரண்டு ஒப்பந்தம் தயாரித்தார். வெள்ளைத் தாளில் உண்மை. சிவப்புத் தாளில் அமீர்சந்துக்குப் பங்கு. சிவப்பில் கையெழுத்துப் போட வாட்சன் மறுத்தார். அவர் கையெழுத்தையும் இவர்களே போட்டுவிட்டார்கள். சண்டை நாளில் மழை கொட்டியது. கம்பெனிக்காரர்கள் வெடிமருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், நவாப் படை மூடவில்லை. மீர் ஜாஃபர் தன் படையோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். அவ்வளவுதான் பிளாசி. போலிக் கையெழுத்தும் ஒரு தார்ப்பாயும்.

கொள்ளையைப் பங்கு பிரித்ததில் கிளைவுக்கு மட்டும் 2,34,000 பவுண்டு. 1773-இல் நாடாளுமன்றத்தில் குடைந்தபோது, இவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்ட தன் அடக்கத்தை நினைத்துத் தனக்கே வியப்பாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். என் மேசையில் திருடன் வேஷம் கட்டுபவர் இந்த வசனத்தைக் கேட்டதிலிருந்து வேறு எதுவும் பேசுவதில்லை.

மேசைமேல் நாற்காலி

பிளாசி கொடுத்த சில்லறைகளில் ஒன்று 24 பர்கானாக்களின் ஜமீன். அன்றைக்குக் கல்கத்தாவுக்குத் தெற்கே, இன்று கரியாஹாட் இருக்கும் பக்கமெல்லாம் வயலும் சதுப்பும்தான். பெரிய பரிசு 1765 ஆகஸ்ட் 12 அன்று அலகாபாத்தில் வந்தது. பேரரசர் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமையை, அதாவது மொத்த வரிவசூலையும், கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு வருஷத்துக்கு 26 லட்சம் ரூபாய்.

பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த படத்தில் அந்தக் காட்சி பிரமாதமாக இருக்கும்: விதானம், சிம்மாசனம், யானை. ஆனால் நடந்தது கிளைவின் கூடாரத்துக்குள். சிம்மாசனம் என்பது அவருடைய சாப்பாட்டு மேசைமேல் ஒரு நாற்காலியை ஏற்றிவைத்துத் துணி போர்த்தியது என்று சொல்வார்கள். மேசையில் உட்கார்ந்து ராஜ்யம் ஆடுவது 1974-இல் அமெரிக்காவில் பிறந்த பொழுதுபோக்கு என்று இனி யாராவது சொன்னால், அந்த நாற்காலியை நினைவுபடுத்துங்கள்.

இந்த இடத்தில் என் கிண்டல் கொஞ்சம் நிற்கும். சில வருஷங்களிலேயே மழை பொய்த்தது. 1770 பஞ்சத்தில் வங்காளத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்தார்கள் என்று பின்னாளில் கம்பெனியின் ஆளுநரான வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்கிட்டார். எண்ணிக்கையில் சரித்திரக்காரர்களுக்குள் தகராறு உண்டு. இன்னொரு எண்ணிக்கையில் தகராறு இல்லை. 1771-இன் வரிவசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768-ஐவிட அதிகம் என்று அதே ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்கு எழுதினார். ஆட்டத்தின் மொழியில்: பொருளாதாரம் ஏற்றம், நிலைத்தன்மை பரவாயில்லை. செத்தவர்கள் கோபப்பட மாட்டார்கள் என்பதால் அதிருப்தியும் ஏறவில்லை. விதிப்புத்தகத்தின்படி அது ஒரு நல்ல ஆண்டு.

அப்படியும் கம்பெனி திவாலாயிற்று. 1772-இல் லண்டன் அரசாங்கத்திடம் போய் நின்றது. 14 லட்சம் பவுண்டு கடன் கிடைத்தது. விற்காமல் கிடந்த தேயிலையை அமெரிக்காவில் தள்ளப் பார்த்தார்கள். பாஸ்டன்காரர்கள் அதைக் கடலில் கொட்டினார்கள். ஒரு கோஷ்டி ஒரே சமயத்தில் ஒரு நாட்டைப் பிடித்து, இன்னொரு நாட்டை இழக்க வழிசெய்தது இந்த ஆட்டத்தில் மட்டும்தான்.

ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதும் உண்டு. ஹேஸ்டிங்ஸைக் கண்காணிக்க ஒரு சபை போட்டார்கள். சபையில் ஃபிலிப் ஃபிரான்சிஸ் எதற்கெடுத்தாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். 1780 ஆகஸ்ட் 17 காலை, இரண்டு பேரும் அலிப்பூரில் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். தலைமை ஆளுநர், தன் நிர்வாகக் குழு உறுப்பினரைச் சுட்டுக் காயப்படுத்தினார். எங்கள் மேசையில் இதுவரை சாப்தான் பறந்திருக்கிறது.

தோற்றவர்கள் குடியிருப்பு

ஜெயித்தவர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். தோற்ற ராஜாக்களைக் கொண்டுவந்து இந்த ஊரிலேயே குடிவைத்தார்கள். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தை மூட்டை கட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வேலூரிலிருந்து தென் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்ததில் எங்கள் லேக் மார்க்கெட் மாமாக்களுக்கு அவர்கள்தான் முன்னோடி. கரியாஹாட்டுக்குத் தென்மேற்கே கொஞ்சம் போனால் வருகிற பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு அந்த வம்சத்தின் பெயர்தான்.

1856-இல் லக்னோவை இழந்த நவாப் வாஜித் அலி ஷாவுக்கு வருஷம் 12 லட்சம் ரூபாய் பென்ஷன். அவர் மேட்டியாபுரூஜில் ஒரு சின்ன லக்னோவையே கட்டினார்: இமாம்பாடா, மிருகக்காட்சிசாலை, கதக், பட்டம், பிரியாணி. கல்கத்தா பிரியாணியில் கிடக்கும் உருளைக்கிழங்குக்கு அவர் சமையற்கட்டைத்தான் காரணம் சொல்கிறார்கள். ராஜ்யம் போனபின் ராஜ்யம் கட்டியவர் அவர் ஒருவர்தான். கம்பெனி விட்டுப்போன கட்டடங்களைவிட அந்த உருளைக்கிழங்குக்கு இன்று விசுவாசிகள் அதிகம்.

1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் அதிருப்தி 20-ஐத் தொட்டது. அடுத்த வருஷம் விக்டோரியா ராணி சாசனத்தைப் பிடுங்கிக்கொண்டார். 1874-இல் கம்பெனியின் கணக்கு மூடப்பட்டது.

கரியாஹாட்டின் பகடை

கரியாஹாட் பக்கத்தை நகரமாக்கியது கம்பெனி அல்ல. 1912-இல் பிறந்த கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் 1920-களில் ஏரி வெட்டி, ராஷ்பிஹாரி அவென்யூ பக்கமெல்லாம் தெரு போட்டது. காலப்போக்கில் நடைபாதையில் கடைகள் முளைத்தன. புடவை, வளையல், சட்டிப்பானை. வாங்காதவரையும் கூப்பிட்டு வாங்கவைக்கும் ஒரு தனி ராஜ்யம். 1996 நவம்பரில், மக்கள் ஆட்சி என்று சொல்லிக்கொண்ட இடதுசாரி அரசு, 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் இரவோடு இரவாகக் கடைகளை இடித்துத் தள்ளியது. சூரிய ஒளிக்கு ராத்திரியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சில வருஷங்களுக்குள் கடைகள் அத்தனையும் திரும்ப வந்து உட்கார்ந்தன. 2014-இல் நாடாளுமன்றமே தெருவியாபாரிகள் சட்டம் போட்டது. ஊர்க் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கே என்றது.

இந்தச் சட்டத்தைப் படித்தபின் எங்கள் மேசையில் ஒரே ஒரு விதியை மாற்றினேன். பிடிக்கிற ஒவ்வொரு அறுகோணத்துக்கும் ஒரு குடியானவர். அவருக்கு ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு பகடை. வரி உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அவருக்காக வேறொரு ஆட்டக்காரர் பகடை உருட்ட வேண்டும். அவர் ஜெயித்தால் வரி கிடையாது. பெரிதாக ஜெயித்தால் கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிடுவார். ராஜ்யம் வளரும் வேகம் பாதியாகிவிட்டது. சுவாரசியம் இரண்டு மடங்கு. உப்பு வரி விவாதமும் பத்து நிமிஷத்தில் முடிகிறது, உப்பளத்துக்காரி ஓட்டுப் போட்டுவிடுகிறாள்.

ராஜ்யம் கட்டும் ஆட்டத்தை நீங்களும் நடத்தப் போகிறீர்கள் என்றால், விதிப்புத்தகத்தில் 'அதிருப்தி' என்ற எண்ணை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு ஆளை உட்காரவையுங்கள்.